கிரக்கத்தோவாவின் பிள்ளை

முப்பத்தொரு வருடங்கள் மட்டக்களப்புக் கரையோரப் பாடசாலைகளிற் பூமிசாத்திரம் கற்பித்தவன் நான். எரிமலை என்னும் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து, அதன் உச்சிக்குச் சிவப்புச் சுண்ணக்கட்டியால் தீ மூட்டி, அருகே "கிரக்கத்தோவா, 1883" என்று எழுதுவது என் வழக்கம். "சேர், நீங்கள் எரிமலையைக் கண்டிருக்கிறீர்களா?" என்று ஒவ்வொரு வருடமும் யாரேனும் ஒரு மாணவன் எழுந்து கேட்பான். "படத்திற் கண்டிருக்கிறேன்" என்பேன். வகுப்புச் சிரிக்கும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஒரு வாளி அள்ளித் தலையில் வார்த்துக்கொண்டதைத் தவிர, பூமியின் உட்சூட்டோடு எனக்கு வேறு பரிச்சயம் இருந்ததில்லை.

ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளின் பின், 2017 இல், யகார்த்தாவில் உத்தியோகம் பார்க்கும் என் மருமகனின் வீட்டிற் சில வாரங்கள் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே காணத்தக்க இடங்களின் நீண்ட பட்டியலொன்றை அவர் எனக்காகத் தயாரித்து வைத்திருந்தார். நான் அதனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "கிரக்கத்தோவாவுக்குப் போகவேண்டும்" என்றேன்.

"மாமா, அங்கே கல்லும் புகையுந்தானே இருக்கின்றன? இந்த வயதில் மலையேற முடியுமா?"

"ஏறமுடியாவிட்டால் அடிவாரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறேன்" என்றேன். அவருக்கு வேறு வழியிருக்கவில்லை. தாமும் உடன் வந்தார்.

யாவாவின் மேற்குக் கரையிலே கரீத்தா என்னும் கடலோர ஊரிலிருந்து புறப்பட்டோம். அதற்கு முதல்நாள், சற்று வடக்கேயுள்ள அஞ்சேரில் வெளிச்சவீடொன்றைப் பார்த்தோம். 1885 இல் ஒல்லாந்தர் கட்டியது, வெள்ளைவெளேரென்று நிற்கிறது. அதன் பக்கத்தில் வட்டமாக ஓர் அத்திவாரம் மட்டும் கிடக்கிறது. அது முன்னிருந்த வெளிச்சவீட்டினுடையது. மேற்பகுதியை 1883 ஆகஸ்ட் 27 ஆம் திகதி கடல் கொண்டுபோயிற்று. பயணத்துக்கு முன்னுரையாக அந்த அத்திவாரமே போதுமானதாயிருந்தது.

படகுக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். என்னை "பாக்" என்று அழைத்தார். தந்தை முறையான சொல், நம்மவர் "ஐயா" என்பதுபோல. அவருக்குத் துணையாக அவருடைய அண்ணன் மகன், பதினேழு வயதுப் பையன், தண்ணீர்ப் போத்தல்களையும் எங்கள் மதிய உணவையும் சுமந்து வந்தான். மருமகன் இடையிலிருந்து மொழிபெயர்த்தார். சுண்டா நீரிணையின் நீரோட்டம் வலியது. படகு அலைமீது ஏறி விழும் ஒவ்வொரு தரமும் என் முதுகெலும்பு எண்ணப்படுவதுபோல இருந்தது. ஒரு மணி நேரத்துக்குமேல் இப்படிக் கழிந்தபின், முதலில் ராக்காத்தா தெரிந்தது.

ராக்காத்தா என்பது பழைய கிரக்கத்தோவாவில் எஞ்சிய பாதி மலை. உயரம் 813 மீற்றர். ஒரு பக்கத்தாற் பார்த்தால் உச்சிவரை பச்சைக் காடு போர்த்த சாதாரண மலை. வடபுறம் சுற்றி வந்தாலோ, உச்சியிலிருந்து கடல்வரை நேரே வெட்டிய சுவர். பல நிறப் படைகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கியிருப்பது அதிலே தெரிகிறது. நான் கரும்பலகையில் வரைந்துவந்த எரிமலைக் குறுக்குவெட்டுப் படத்தை யாரோ கல்லிற் செதுக்கிக் கடலில் நிறுத்திவிட்டாற்போல இருந்தது. மற்றப் பாதியும், அதற்கு வடக்கேயிருந்த டானான், பெர்புவத்தான் என்னும் இரு சிகரங்களும் கடலுக்குள்ளே போய்விட்டன. தீவின் மூன்றில் இரண்டு பங்கு ஒரு காலைப்பொழுதில் மறைந்தது.

அந்த வரலாற்றில் ஒரு பகுதியை நான் வகுப்பிற் சொன்னதேயில்லை. எனக்கே பிற்காலத்திற்றான் தெரியவந்தது. 1883 மே 20 இல் மலை புகையத் தொடங்கியது. ஒரு வாரம் செல்வதற்குள் பத்தாவியாவிலிருந்து ஓர் உல்லாசப் பயணம் ஒழுங்காயிற்று. "கவர்னர் ஜெனரல் லௌடன்" என்ற நீராவிக் கப்பலில் 86 பேர் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு வந்து, அத்தீவில் இறங்கி, சாம்பலிற் கால் புதையப் புதையப் பெர்புவத்தானின் வாய்வரை ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஓகஸ்ட் 11 இல் பெர்செனார் என்ற நில அளவை அதிகாரி வந்து, மூன்று பெரும் புகைத் தம்பங்களைக் குறித்து வரைபடமொன்று வரைந்தார். இதற்குமேல் நிற்பது அபாயம் என்று கண்டு திரும்பிவிட்டார். பதினாறு நாட்களின் பின் அவர் வரைந்த தீவு இல்லை. அதே லௌடன் கப்பல், ஓகஸ்ட் 26, 27 ஆம் திகதிகளில், சுமாத்திராவின் லம்போங் குடாவிலே பேரலையை நேர்முகமாக ஏறிக் கடந்து தப்பியது. கரையிலிருந்தவர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை. இறந்தோர் தொகை 36,417 என்று ஒல்லாந்த அரசினர் கணக்கிட்டனர். தீவிலே குடிகள் இருக்கவில்லை. மாண்டவர்களிற் பெரும்பாலோர் நீரிணையின் இரு கரைகளிலும் அலைகளால் அள்ளப்பட்டவர்கள்.

வெடியோசை ஏறக்குறைய 4,800 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ரொட்ரிகஸ் தீவிலே பீரங்கி முழக்கம்போற் கேட்டது. இலங்கையிலும் கேட்டது. அன்று காலித் துறைமுகத்திலே கடல் பின்வாங்கி, தோணிகள் தரையில் தட்டி நின்றன. மூன்று நிமிட நேரம் கடலடி வெறுமையாகக் கிடக்க, கூலியாட்களும் வழிப்போக்கர்களும் இறங்கி மீனும் இறாலும் பொறுக்கினார்கள். பின்னர் நீர் திரும்பிற்று. கிழக்குக் கரையில் ஒரு பெண் அலையிற் சிக்கி உயிரிழந்ததாகவும் பதிவுண்டு.

இந்தக் காலிச் செய்தியை நான் வாசித்தது 2004 க்கு முன்னர். சுவாரசியமான துணுக்கு என்று நினைத்துக் குறித்தும் வைத்தேன். மாணவருக்குச் சொல்லவில்லை. பரீட்சைக்கு வராது என்பது ஒரு காரணம். கடல் திடீரென வற்றினால் ஓடவேண்டும் என்பது அந்தத் துணுக்கினுள்ளே இருக்கிறது என்பதை நானே கவனிக்கவில்லை என்பது மற்றக் காரணம். 2004 டிசம்பர் 26 காலையில் எங்கள் கரையில் முதலலை ஏறி வடிந்தபின் கடல் பின்வாங்கியபோது, அதனைப் பார்க்கவென்று இறங்கியவர்கள் பலர். என்னிடம் படித்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

கதை தீவுக்குத் திரும்பவேண்டும். ராக்காத்தா, செர்துங், பன்ஜாங் ஆகிய மூன்று தீவுகளும் வளையம்போற் சூழ்ந்து நிற்க, அவற்றின் நடுவே கன்னங்கரேலென்று புகைந்துகொண்டிருந்தது அனாக் கிரக்கத்தோவா. "அனாக்" என்றாற் பிள்ளை. பழைய மலை இறந்து நாற்பத்துநான்கு வருடங்களின் பின், 1927 இன் முடிவில், கடலடியிலிருந்து கொதித்தெழுந்து தலைகாட்டியது. அலைகள் அதனைக் கரைத்துவிட்டன, மீண்டும் எழுந்தது, மீண்டும் கரைந்தது. 1930 ஓகஸ்டிலிருந்து நிலைத்து நின்று வளர்ந்தது. என்னைவிடச் சில வருடங்களே மூத்த ஒரு நிலத்தில் முதன்முறையாகக் காலூன்றினேன்.

கீழைக் கரையிலே கரும்மணல். செருப்பின்றி நிற்க முடியாத சூடு. மணலின் விளிம்பிலே, நம் கரையிற் படர்வதுபோலவே, அடம்பங்கொடி ஊதாப் பூக்களோடு படர்ந்திருந்தது. நெய்தற்றிணைப் புலவர் பாடிய அடும்பு இதுதான் என்று மருமகனுக்குச் சொன்னேன். "அவர்கள் இங்கே வந்தார்களா, மாமா?" என்றார். அவர்கள் வரவில்லை, கொடியின் விதை மிதந்து வந்திருக்கிறது. எந்தக் கரையிலிருந்து புறப்பட்டதென்று விதையிடம் கேட்கமுடியாது. அதற்குப் பின்னால் கொட்டான் மரங்கள், அதன் பின்னே சவுக்கங்காடு. காட்டின் நிழலிலே காவற்குடிலொன்றும் அறிவித்தற் பலகைகளும் இருந்தன. குடிலின் பின்புறம் ஆளுயரக் கபரக்கொய்யா ஒன்று எங்கள் உணவுப் பொதியை நோட்டமிட்டுக்கொண்டு கிடந்தது. அதுவும் நீந்தி வந்த குடியேறியின் வழித்தோன்றலே.

ஆளில்லாத் தீவு என்பது வெறுந்தீவன்று என்பதை இங்கேதான் கண்ணாற் கண்டேன். 1883 இல் எஞ்சிய ராக்காத்தாவில், சுடுசாம்பல் பல மீற்றர் ஆழத்துக்கு மூடியபின், எதுவுமே பிழைத்திராது என்று அறிஞர்கள் கருதினார்கள். அடுத்த வருடம் மே மாதத்தில் அங்கு சென்ற எட்மொன் கொத்தோ என்னும் பிரெஞ்சுப் பயணி, தேடித் தேடி ஒரேயோர் உயிரைக் கண்டார். மிகச் சிறிய சிலந்தி; வலை பின்னிக்கொண்டிருந்தது. பிடிப்பதற்கு ஒரு பூச்சியுமில்லாத தீவில் அது எதை எதிர்பார்த்துப் பின்னியதோ! 1886 இல் பைத்தன்சோர்க் தாவரத் தோட்டத்தின் அதிபரான திரொய்ப் சென்றபோது, சாம்பல்மேல் நீலப்பச்சைப் பாசியின் மெல்லிய படலமும், அதன்மேற் பன்னங்களும் முளைத்திருந்தன. காற்று, கடல், பறவையின் வயிறு: இந்த மூன்று வழிகளாலும் வந்தவை அரை நூற்றாண்டுக்குள் அங்கே காட்டை உண்டாக்கின. அழிவுக்குத் தப்பிய வேரும் விதையும் அடியில் இருந்திருக்கலாமே என்று பாக்கர் என்ற தாவரவியலறிஞர் 1929 இல் நூலெழுதிப் பெரிய விவாதத்தை மூட்டினார். பிள்ளைத் தீவைப் பற்றி அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. அது கடலடியிலிருந்து வந்தது. அங்கேயுள்ள ஒவ்வொரு புல்லும் வந்தேறியது.

மனிதர் மட்டும் வேரூன்றவில்லை. 1916 இல் ஹாண்டல் என்ற ஜேர்மனியர் நுரைக்கல் அகழும் உரிமை பெற்று ராக்காத்தாவிற் குடியிருந்து பார்த்தார். சில ஆண்டுகளிற் போய்விட்டார். அவரோடு வந்தவை என்று கருதப்படும் எலிகள் மட்டும் தங்கிவிட்டன.

சவுக்கங்காடு முடிந்ததும் ஏற்றம் தொடங்கியது. சாம்பலும் பொடிக்கல்லுமான சரிவு. இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். அங்குமிங்கும் பேய்க்கரும்புப் பற்றைகள். அவற்றைப் பிடிக்கலாமென்றால் இலை கையை அறுக்கும். மலை வீசியெறிந்த பாறைக் குண்டுகள் தாம் விழுந்த குழிகளிலேயே கிடந்தன. சிலது எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லளவு, சிலது மாட்டுவண்டியளவு. கந்தகநெடி தொண்டையைக் கரகரக்கச் செய்தது. நான் பத்தடிக்கொருமுறை நின்றேன். நிற்கும்போதெல்லாம் பையனும் நின்றான். களைத்ததுபோலப் பாவனைசெய்து, தானும் இடுப்பிற் கைவைத்து மூச்சு வாங்கினான். நல்ல பிள்ளைகளுக்குத்தான் இந்த மரியாதை தெரியும். செங்குத்தான இடம் வந்ததும் ஒன்றும் பேசாமற் கையை நீட்டினான்.

பழைய எரிவாயின் விளிம்பான ஒரு மேட்டில் ஏற்றம் முடிகிறது. அதற்குமேல் அனுமதியில்லை. அப்பால் ஒரு பள்ளம். பள்ளத்துக்கு அப்பால் உண்மையான கூம்பு, கருஞ்சாம்பல் நிறத்தில், உச்சியில் வெண்புகை. புல்லில்லை, பூச்சியில்லை. கந்தகம் கசிந்த இடங்களில் மட்டும் மஞ்சட் கறை. கீழே நோக்கினால் நாங்கள் வந்த சவுக்கங்காடு ஒரு பச்சை நாடாவாகச் சுருங்கிக் கிடந்தது. முப்பத்தொரு வருடங்கள் வரைந்த முக்கோணத்தின்மேல் நிற்கிறேன் என்ற நினைவு வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிவப்புச் சுண்ணக்கட்டிக்கு அங்கே வேலையில்லை. எல்லாமே கறுப்பும் சாம்பலும்.

"பயமில்லையா?" என்று படகுக்காரரைக் கேட்டேன்.

"இருமிக்கொண்டிருந்தால் நல்லது, பாக். சத்தமில்லாமல் இருந்தாற்றான் பயம்" என்றார்.

அப்போது பையன் மருமகனிடம் ஏதோ கேட்டான். என் நாட்டிலும் எரிமலை இருக்கிறதா என்பது கேள்வி. இல்லை என்றேன். ஆனால் 2004 இல் அவனுடைய நாட்டுச் சுமாத்திராவின் வடமேற்கே கடலடி அதிர்ந்தபோது புறப்பட்ட அலை எங்கள் ஊருக்கும் வந்தது என்றும், இலங்கையில் முப்பதினாயிரம் பேருக்குமேல் இறந்தார்கள் என்றும் சொன்னேன். அவ்வலை வந்தபோது அவன் நான்கு வயதுக் குழந்தை. அதன்பின், என்னையறியாமலே, வகுப்பறைக் குரல் எனக்கு வந்துவிட்டது. "நிலம் அதிர்ந்தால் ஓடு. கடல் வற்றினால் ஓடு. மீன் துள்ளினாலும் பார்க்காதே, மேட்டுக்கு ஓடு" என்றேன். மருமகன் மொழிபெயர்த்தார். பையன் இரு விரல்களை மடக்கி, "அதிர்ந்தால், வற்றினால்" என்று தன் மொழியில் திருப்பிச் சொன்னான். பாடத்தை ஒப்புவிக்கும் மாணவனைப்போல. பதின்மூன்று வருடங்கள் தாமதித்து, ஓரிடத்திலாவது சொல்லிவிட்டேன் என்ற நிம்மதியோடு நான் இறங்கினேன். இறக்கத்தில் சாம்பல் வழுக்கிச் செல்வது சுகமாகவே இருந்தது.

திரும்பும்போது படகு தீவை ஒருமுறை வலம்வந்தது. தென்மேற்குப் பக்கம் எங்கள் பக்கம்போலில்லை. உச்சியிலிருந்து கடல்வரை ஒரே சரிவாகக் குழம்பும் சாம்பலும் வழிந்து இறுகியிருந்தன. அதன் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. பிள்ளைத் தீவு, 1883 இல் உண்டான பெருங்குழியின் வடகிழக்கு விளிம்பிலே எழுந்தது. அதன் ஒரு புறத்துக்கு ஆதாரமுண்டு; தென்மேற்குப் புறத்தின் அடியோ இருநூறு மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தை நோக்கிச் சரிந்த குழி. படிக்கட்டின் ஓரத்தில் மணலைக் குவித்துக்கொண்டே போனாற்போல. அந்தப் பக்கம் ஒருநாள் சரிந்தால் எந்தளவு அலை எழும், எத்தனை நிமிடத்திற் கரைக்கு வரும் என்று கணித்து அறிஞர் சிலர் 2012 இலேயே கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். அக்கட்டுரையை நான் பின்னர்தான் வாசித்தேன். கரீத்தாவின் படகுக்காரர்கள் அதனை வாசித்திருக்க நியாயமில்லை.

2018 யூனிலிருந்து மலை இடைவிடாது இருமியது. செப்டெம்பரில் அதன் உயரம் 338 மீற்றர். டிசம்பர் 22, சனிக்கிழமை, இரவு ஒன்பது மணியளவில் தென்மேற்குச் சரிவு கடலுக்குள் இறங்கிற்று. விடுமுறைக் காலம், கரையோர விடுதிகளில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள், ஓரிடத்தில் மணலிலேயே மேடையமைத்துப் பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. அரைமணி நேரத்துக்குள் அலை கரையேறியது. அந்நாட்டின் அபாய அறிவிப்பு முறை பூமியதிர்ச்சியை வைத்தே அமைந்தது. அன்றோ பெரிய அதிர்ச்சி எதுவுமில்லை. ஆகையால் அறிவிப்பும் இல்லை. 400 பேருக்குமேல் மாண்டனர். மலையின் உயரம் 110 மீற்றராகக் குறைந்தது. நான் ஏறிய கிழக்குச் சரிவு புதுச் சாம்பலில் மூடுண்டது. சவுக்கங்காடும் அடம்பங்கொடியும் அழிந்தன. 1952 இல் ஒருமுறை அப்படி அழிந்து, மறுபடி முதலிலிருந்து முளைத்த பசுமை அது.

மருமகன் நாலைந்து நாட்கள் முயன்று படகுக்காரரோடு தொலைபேசியிற் பேசினார். அவர் அன்றிரவு மனைவியின் ஊரில் இருந்தபடியால் தப்பினார். படகு ஒரு விடுதியின் மதிலேறி இரண்டாகக் கிடந்தது. பையன் கடற்கரையில் சோளம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தானாம். இரண்டாம் நாள் எடுத்தார்கள்.

நிலம் அதிரவில்லை. கடல் வற்றியிருந்தாலும் இருட்டில் அவனுக்குத் தெரிந்திராது. நான் சொல்லிக்கொடுத்த இரண்டில் ஒன்றும் அன்று அவனுக்குக் கிடைக்கவில்லை. "சத்தம் கேட்டதும் ஓடியவர்கள் சிலர் தப்பினார்கள்" என்று படகுக்காரர் சொன்னதாக மருமகன் எனக்கு எழுதினார். அந்த மூன்றாவது அடையாளம் எனக்குத் தெரியாததன்று. எங்கள் ஊரிலும் அன்று கடலின் இரைச்சலை முதலிற் கேட்டவர்கள் இருந்தார்கள். மலைமேல் அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வருடம் படகுக்காரரிடமிருந்து செய்தியொன்று வந்தது. மருமகனே தமிழாக்கி அனுப்பியிருந்தார். கடன் வாங்கிப் புதுப்படகு ஒன்று கட்டியிருக்கிறாராம். தீவில் இறங்க இப்போது விடுகிறார்களில்லை. தூரத்தில் நின்று காட்டலாம். "பாக் மறுபடி வந்தால் முன்போலக் களைக்கத் தேவையில்லை. மலை மிகவும் பதிந்துவிட்டது. ஏறுவதற்கு அதிகமில்லை" என்று எழுதியிருந்தார். அண்ணன் மகனைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. வருகிறேன் என்று பதில் எழுதச் சொன்னேன்.